மூன்று மணி நேரம் உட்கார முடியுமா?

படம் தொடங்கி நாற்பது நிமிடம் ஆகிவிட்டது. ஒரு கணவன், ஒரு மனைவி, அவர்கள் பறிகொடுத்த ஒரு குழந்தை, கண்ணால் பார்த்தும் வாய்திறந்து கேட்காத ஒரு துரோகம், யாரும் எதிர்பாராத ஒரு மரணம். ஒரு முழுப் படத்துக்குப் போதுமான அளவு எல்லாமே நடந்து முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சாலையில் ஒரு சிவப்பு கார் ஓட, திரையில் நடிகர்களின் பெயர்கள் வரத் தொடங்குகின்றன. 'அப்படியென்றால் இதுவரை பார்த்தது என்ன?' என்று பார்ப்பவர் திகைக்கிறார். அவ்வளவும் முன்கதைதான். கதை இனிமேல்தான்.

'டிரைவ் மை கார்' என்ற ஜப்பானியப் படத்தைப் பற்றி யார் பேசினாலும் இந்த இடத்தைச் சொல்லாமல் விடமாட்டார்கள். பிடித்தவர்களும் சொல்வார்கள், பிடிக்காதவர்களும் சொல்வார்கள். பிடித்தவர்களுக்கு அது துணிச்சல். பிடிக்காதவர்களுக்கு அது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மொத்த நீளம் 179 நிமிடங்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிமிடம்தான் குறைவு. சண்டை இல்லை, பாட்டு இல்லை, துரத்தல் இல்லை. ஒருவர் காரில் பின்சீட்டில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு பெண் ஓட்டுகிறாள். பெரும்பாலும் இருவரும் பேசுவதுகூட இல்லை.

இந்தப் படம்தான் 2021 ஜூலையில் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதை வாங்கியது. நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரங்களின் விமர்சகர் அமைப்புகளும், அமெரிக்கத் தேசிய விமர்சகர் சங்கமும் அந்த ஆண்டின் மிகச் சிறந்த படமாக இதையே தேர்ந்தெடுத்தன. இந்த மூன்றையும் சேர்த்து வாங்கிய படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆங்கிலம் அல்லாத மொழியில் இதுதான் முதல் படம். 2022 ஆஸ்கரில் நான்கு பரிந்துரைகள். 'சிறந்த படம்' பிரிவில் ஒரு ஜப்பானியப் படம் பரிந்துரைக்கப்பட்டது அதுவே முதல் முறை. அகிரா குரோசாவாவின் படங்களுக்குக்கூட அந்த இடம் கிடைத்ததில்லை. கடைசியில் சிறந்த சர்வதேசப் படத்துக்கான ஆஸ்கரோடு ஊர் திரும்பினார் இயக்குநர் ரியூசுகே ஹமாகுச்சி.

இத்தனைக்கும் மூலக்கதை ஒரு சிறுகதைதான். ஹருகி முரகாமி எழுதியது. பீட்டில்ஸ் பாடல் ஒன்றின் தலைப்பைத் தன் கதைக்கு வைத்துக்கொண்டார் அவர். 2014-ல் வந்த 'பெண்கள் இல்லாத ஆண்கள்' தொகுப்பில் அது முதல் கதை. ஒரே மூச்சில் படித்து முடித்துவிடலாம். அதே தொகுப்பிலுள்ள வேறு இரண்டு கதைகளிலிருந்தும் சில இழைகளை எடுத்து, செகாவின் 'வான்யா மாமா' நாடகத்தையும் நடுவில் வைத்து, மூன்று மணி நேரமாக விரித்தார்கள் ஹமாகுச்சியும் அவருடன் எழுதிய தகமாசா ஓவேயும். 'சிறுகதைக்கு எதற்கு இவ்வளவு நீளம்?' என்ற கேள்வி எழுந்ததில் ஆச்சர்யமில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டுமென்றால் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

கஃபுகு, நாடக நடிகர், இயக்குநர். மனைவி ஓட்டோ, டி.வி-க்குக் கதை எழுதுபவர். நான்கு வயதில் நிமோனியாவில் இறந்துபோன ஒரு மகள் அவர்களுக்கு இருந்தாள். அந்தத் துக்கத்திலிருந்து இருவரும் கைகோத்து மீண்டு வந்த மாதிரிதான் வெளியே தெரியும். அன்பான தம்பதி. ஒருநாள் கஃபுகு வெளியூர் போகக் கிளம்புகிறார். விமானம் ரத்தாகிவிட, வீடு திரும்புகிறார். மனைவி இன்னொரு ஆணுடன் இருப்பதைப் பார்க்கிறார். கத்தவில்லை, கதவை அறையவில்லை. சத்தம் இல்லாமல் வெளியேறி, விமான நிலையத்தின் அருகே ஒரு ஹோட்டலில் தங்கிவிட்டு, மனைவியிடம் வெளியூர் போய்ச் சேர்ந்த மாதிரியே பேசுகிறார்.

அதன் பிறகும் வாழ்க்கை அதேபோல ஓடுகிறது. ஒருநாள் காலை அவர் வெளியே கிளம்பும்போது, 'இன்று ராத்திரி வந்ததும் கொஞ்சம் பேசலாமா?' என்று கேட்கிறாள் மனைவி. 'சரி' என்கிறார். ஆனால், வேலை முடிந்தும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுகிறார். அந்தப் பேச்சு நடந்துவிட்டால் இருப்பதெல்லாம் உடைந்துவிடுமோ என்று பயம். இருட்டிய பிறகு தயங்கித் தயங்கி வீட்டுக்குள் நுழைந்தால், மனைவி தரையில் விழுந்து கிடக்கிறாள். மூளையில் ரத்தக்கசிவு. அவள் என்ன சொல்ல நினைத்தாள் என்பது கடைசிவரை அவருக்கும் தெரியாது, படம் பார்ப்பவர்களுக்கும் தெரியாது.

ஒரு மாலைப் பொழுதைத் தள்ளிப்போட்டார் ஒரு மனிதர். அதற்கு அவர் கொடுக்கும் விலைதான் மீதிப் படம். இதைச் சுருக்கமாகச் சொல்லியிருந்தால் அந்த விலை எவ்வளவு என்று யாருக்கும் உறைத்திருக்காது. நீளத்தைக் குறை சொன்னவர்களுக்குப் படத்தை விரும்பியவர்கள் தந்த பதில்களில், இதைவிட வலுவான பதில் இருக்க முடியாது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஹிரோஷிமா நகரில் ஒரு நாடக விழாவுக்காக 'வான்யா மாமா'வை இயக்க வருகிறார் கஃபுகு. ஒரு மணி நேரம் காரில் போகிற தூரத்தில் தங்குமிடம் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்கிறார். காரணம், காரில் ஒரு கேசட் இருக்கிறது. நாடகத்தில் வான்யாவின் வசனங்களை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோருடைய வசனங்களையும் படித்துப் பதிவு செய்து வைத்திருக்கிறாள் இறந்துபோன மனைவி. அவள் குரல் கேள்வி கேட்கும், இவர் பதில் சொல்வார். தினமும் போகும்போது ஒரு மணி நேரம், வரும்போது ஒரு மணி நேரம், மனைவியோடு பேச்சு. ஆனால் இருவர் பேசுவதும் வேறு யாரோ எழுதிய வசனம்.

விழாக் குழுவினர் ஒரு விதியைச் சொல்கிறார்கள். விருந்தினர் தானே கார் ஓட்டக் கூடாது, டிரைவர் ஒருவர்தான் ஓட்ட வேண்டும். வந்து நிற்பவள் மிசாகி. 23 வயது. கஃபுகுவின் மகள் உயிரோடு இருந்திருந்தால் அவளுக்கும் அதே வயது. அதிகம் பேசாத, முகத்தில் எதையும் காட்டாத பெண். அவள் ஓட்டினால் வண்டி ஓடுவதே தெரியாது. தன் காரை இன்னொருவர் தொடுவதையே விரும்பாத கஃபுகு, மெல்ல மெல்லப் பின்சீட்டில் சாய்ந்து உட்காரப் பழகுகிறார். படத்தில் காதல் என்று தேடினால் கணவன் மனைவிக்கு இடையே இருந்தது ஒன்று. இந்த இருவருக்கும் இடையே வளர்வதற்குப் பெயர் இல்லை. காதல் இல்லை, முழுக்கத் தகப்பன் மகள் பாசம் என்றும் சொல்லிவிட முடியாது. அதற்குப் பெயர் வைக்காமல் விட்டதையே பலர் படத்தின் நல்ல குணமாகச் சொன்னார்கள்.

பாராட்டியவர்கள் அதிகம் பேசிய இன்னொரு விஷயம், நாடக ஒத்திகை. கஃபுகுவின் நாடகத்தில் ஒவ்வொரு நடிகரும் தத்தம் மொழியில் பேசுகிறார். ஒருவர் ஜப்பானிய மொழியில், ஒருவர் சீனத்தின் மாண்டரினில், ஒருவர் கொரிய மொழியில். லீ யூன்-ஆ என்ற பெண்ணுக்குப் பேச்சே வராது. கொரிய சைகை மொழியில் நடிக்கிறாள். பல நாள்களுக்கு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, எந்த உணர்ச்சியும் காட்டாமல் வசனத்தைப் படிக்கச் சொல்கிறார் இயக்குநர். நடிகர்களுக்கு எரிச்சல் வருகிறது. பார்ப்பவர்களுக்கும் கொஞ்சம் வருகிறது.

ஆனால் இது ஹமாகுச்சியின் சொந்த வழிமுறைதான். தன் நடிகர்களையும் அவர் இப்படித்தான் படிக்கவைக்கிறார். முன்கூட்டியே நடிப்பைத் தயாரித்து வைத்துக்கொண்டு வராமல், எதிரே இருப்பவர் சொல்வதை நிஜமாகவே காதுகொடுத்துக் கேட்கும்போது முகத்தில் என்ன வருகிறதோ அதுதான் நடிப்பு என்பது அவர் நம்பிக்கை. 2011-ல் வடகிழக்கு ஜப்பானைப் பூகம்பமும் சுனாமியும் சூறையாடிய பிறகு, கோ சகாய் என்ற இயக்குநரோடு சேர்ந்து அந்தப் பகுதிக்குப் போய், பிழைத்தவர்கள் பேசுவதைக் கேட்டு ஆவணப்படங்கள் எடுத்தவர் அவர். அடுத்து 2015-ல் வந்த 'ஹேப்பி ஹவர்' ஐந்து மணி நேரத்துக்கும் மேல் நீளம். கோபே நகரத்து நான்கு தோழிகளின் கதை. அதில் நடித்த நான்கு பெண்களும் தொழில்முறை நடிகைகள் அல்லர். லொகார்னோ விழாவில் நால்வருக்கும் சேர்த்துச் சிறந்த நடிகை விருது கொடுத்தார்கள். அந்தப் படத்தோடு ஒப்பிட்டால் 'டிரைவ் மை கார்' குறும்படம் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

எல்லோரும் எழுந்து நின்று கைதட்டிவிடவில்லை. வந்த குறைகளில் சில, நீளம் பற்றிய முணுமுணுப்பைவிடக் கனமானவை.

முதல் குறை, ஓட்டோவைப் பற்றியது. அவள் தவறு செய்கிறாள், புதிராக இருக்கிறாள், பேச வேண்டும் என்கிறாள், பேசும் முன்பே இறந்துபோகிறாள். பிறகு மீதிப் படம் முழுக்க ஆண்கள் அவளைப் பற்றிப் பேசுகிறார்கள். கணவன் பேசுகிறான், அவளோடு உறவில் இருந்ததாகத் தோன்றும் இளம் நடிகன் தகாட்சுகி பேசுகிறான். அவளுக்கென்று ஒரு வாய்ப்பு இல்லை. ஓர் ஆண் தன்னைப் புரிந்துகொள்ள ஒரு பெண் செத்துப்போக வேண்டியிருக்கிறதா என்று கேட்டார்கள். அவனைத் தேற்றுவதற்கு இன்னொரு இளம்பெண் வேறு வரவேண்டியிருக்கிறதா என்றும் கேட்டார்கள். முரகாமியின் கதைகள் மீது பல காலமாகவே இருக்கும் குற்றச்சாட்டு இது. தொகுப்பின் தலைப்பே 'பெண்கள் இல்லாத ஆண்கள்'தானே.

இந்தக் குறையை முழுக்கத் தள்ளிவிட முடியாது. படத்தில் இதற்கு அரைப் பதில்தான் இருக்கிறது. ஓடும் காரின் பின்சீட்டில் நடக்கும் ஒரு காட்சி. ஓட்டோவுக்கு இரவில் கணவனிடம் கதை சொல்லும் வழக்கம் உண்டு. அவற்றில் ஒரு கதையின் முடிவு கஃபுகுவுக்குத் தெரியாது. அந்த முடிவை, கண்களில் நீர் நிறைய, தகாட்சுகி சொல்கிறான். தனக்குத் தெரியாத மனைவி ஒருத்தி இருந்தாள் என்று அந்த நிமிடத்தில் கணவனுக்குப் புரிகிறது. பிறகு மிசாகி கேட்பாள்: அவர் உங்களை நேசித்ததும் உண்மை, வேறு ஆண்களைத் தேடியதும் உண்மை, இரண்டையும் அப்படியே ஏற்றுக்கொள்வது ஏன் உங்களுக்கு இவ்வளவு கஷ்டம் என்று. ஓட்டோவை நல்லவள், கெட்டவள் என்ற தராசில் வைக்காத ஒரே ஆள் அந்த டிரைவர் பெண்தான். அதைப் பதிலாக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இன்னொரு பெண் வாயால்தானே வர வேண்டியிருக்கிறது என்று விடாமல் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது குறை, கடைசிப் பகுதி பற்றியது. நாடகம் அரங்கேறுவதற்குச் சில நாள்களுக்கு முன் தகாட்சுகி ஒரு குற்றத்துக்காகக் கைதாகிறான். வான்யாவாக கஃபுகுவே நடிக்க வேண்டும், இல்லாவிட்டால் நாடகத்தையே நிறுத்த வேண்டும். யோசிக்க இரண்டு நாள். மிசாகியின் சொந்த ஊருக்குப் போகலாம் என்கிறார். தெற்கே ஹிரோஷிமாவிலிருந்து வட கோடியில் இருக்கும் ஹொக்காய்டோவுக்கு இரவும் பகலுமாக ஓடுகிறது கார். அங்கே பனி மூடிய மேட்டில் இடிந்த வீடு ஒன்று. நிலச்சரிவில் அந்த வீடு சரிந்தபோது தப்பி வெளியே வந்தவள் மிசாகி. உள்ளே சிக்கிய அம்மாவைக் காப்பாற்ற அவள் போகவில்லை. அந்த இடத்தில் நின்றுதான் கஃபுகு முதன்முதலாக உடைகிறார். தான் சரியாகக் காயப்பட்டிருக்க வேண்டும், வலியைப் பார்க்காத மாதிரி நடித்ததால்தான் அவளை இழந்தேன் என்று அழுகிறார். அத்தனை நேரம் மௌனத்தை நம்பிய படம், இங்கே மட்டும் எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறதே என்பது சில விமர்சகர்களின் வருத்தம்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இறுக்கமாக வாழ்ந்த மனிதர் ஒருவர் கடைசியில் பேசும்போது அழகான வார்த்தைகளில் பேசுவாரா? துக்க வீட்டில் நாள்கணக்கில் கல்லாக இருந்துவிட்டு, திடீரென்று வெடித்து அழுபவர்கள் சொல்வதெல்லாம் நேரடியான, பழகிப்போன வார்த்தைகள்தான். 'கேட்டிருக்கலாமே', 'சொல்லியிருக்கலாமே'. அதில் இலக்கியம் இருக்காது. உண்மை இருக்கும்.

மிசாகியின் ஊரைப் பற்றி ஒரு சுவையான உபகதை உண்டு. 2013-ன் இறுதியில் முரகாமியின் கதை முதலில் ஒரு மாத இதழில் வந்தபோது, அவளுடைய ஊராக ஹொக்காய்டோவில் நிஜமாகவே இருக்கும் நகதொன்பெட்சு என்ற சிற்றூரைக் குறிப்பிட்டிருந்தார். அவள் சிகரெட்டைக் கார் ஜன்னல் வழியாக வீசுவதைப் பார்த்து, அந்த ஊரில் எல்லோரும் இப்படித்தான் போலிருக்கிறது என்று கதாநாயகன் நினைப்பதாக ஒரு வரி. ஊர் மன்ற உறுப்பினர்கள் கோபமாகிவிட்டார்கள். உலகப் புகழ்பெற்ற எழுத்தாளரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் வருத்தம் தெரிவித்து, புத்தகமாக வந்தபோது கற்பனையான ஊர்ப் பெயர் ஒன்றைப் போட்டார். இந்தக் கதைக்கு வந்த முதல் விமர்சனங்களில் ஒன்று அந்தச் சிற்றூரிலிருந்து வந்தது என்று சொல்லலாம். படத்தில் அதே கதாபாத்திரம், சிகரெட் வாசனை காருக்குள் தங்கக் கூடாது என்று மேற்கூரையைத் திறந்து கையை வெளியே நீட்டுவாள். கஃபுகுவும் நீட்டுவார். இரவில், ஓடும் காருக்கு மேலே இரண்டு கைகள், இரண்டு சிகரெட் நெருப்புப் பொறிகள். படத்தில் மறக்க முடியாத காட்சி எது என்றால் பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

காரும் மாறியது. கதையில் மஞ்சள் நிற சாப் 900, கூரையை மடித்துவிடலாம். படத்தில் சிவப்பு, கூரையுள்ள கார். காருக்குள் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும், தூரத்தில் எடுத்தாலும் வண்டி கண்ணில் பட வேண்டும். அதற்கு இதுதான் தோதாக இருந்தது. ஊரும் மாறியது. முதலில் தென் கொரியாவின் பூசானில் எடுப்பதாகத் திட்டம். கொரோனா வந்து வழியை அடைத்ததால் ஹிரோஷிமாவுக்கு வந்தார்கள். வேண்டாவெறுப்பான அந்த மாற்றம்தான் படத்துக்குப் பெரிய வரமானது என்று பலர் எழுதினார்கள். 1945 ஆகஸ்ட் 6-ல் அணுகுண்டு விழுந்த ஊர். படம் அதைப் பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. மிசாகி தனக்குப் பிடித்த இடத்தைக் காட்டுகிறேன் என்று கஃபுகுவைக் கடற்கரையோரக் குப்பை எரிக்கும் ஆலைக்குக் கூட்டிப்போகிறாள். அமைதி நினைவுப் பூங்காவிலிருந்து கடலை நோக்கி வரும் நேர்க்கோட்டை மறிக்காதபடி, நடுவில் திறந்த வழி விட்டுக் கட்டப்பட்ட கட்டடம் அது. அழிந்துபோன ஊர் எப்படி மறுபடி எழுந்தது என்று அந்த ஒரு காட்சி சொல்லிவிடுகிறது. பெருந்துக்கத்துக்குப் பிறகு மனிதர்கள் செய்ய வேண்டியதும் அதுதானே, இடிபாட்டின் நடுவே காற்று வர ஒரு வழி விட்டுக் கட்டுவது.

ஜப்பானில் படம் 2021 ஆகஸ்டில் வெளியானது. 1919 முதல் வந்துகொண்டிருக்கும் சினிமா இதழான 'கினிமா ஜும்போ' அந்த ஆண்டின் ஜப்பானியப் படங்களில் இதற்கே முதலிடம் கொடுத்தது. ஜப்பானிய அகாடமி எட்டு விருதுகளை அள்ளிக் கொடுத்தது. ஆஸ்கர் பரிந்துரை வந்த பிறகு, முன்பு யோசித்தவர்களும் தியேட்டருக்குப் போய்ப் பார்த்தார்கள். அப்போது எல்லோர் முகத்திலும் மாஸ்க் இருந்தது. படத்தின் கடைசிக் காட்சியில் மிசாகியும் மாஸ்க் போட்டுக்கொண்டுதான் வருகிறாள். எத்தனையோ பேர் தங்கள் வீட்டு மனிதர்களிடம் கடைசி வார்த்தை பேச முடியாமல் ஆஸ்பத்திரிக் கதவுக்கு வெளியே நின்ற காலம் அது. சொல்லாமல் விட்ட பேச்சைப் பற்றிய ஒரு படம், அந்த நேரத்தில் உலகம் முழுக்க ஏன் தைத்தது என்பதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை.

அந்த ஆண்டு ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான விருதை வாங்கிய அமெரிக்கப் படம் 'கோடா'. காது கேளாத குடும்பத்தின் கதை. அதிலும் சைகை மொழி, இதிலும் சைகை மொழி. ஒரே மேடையில், பேசாமல் பேசிய இரண்டு படங்களுக்கு விருது.

படத்தின் முடிவுக்கு வந்தால், யாரும் பெரிதாகக் குறை சொல்லாத காட்சி ஒன்று மிஞ்சுகிறது. மேடையில் வான்யாவாக கஃபுகு உட்கார்ந்திருக்கிறார், தோற்றுப்போன முகத்தோடு. சோனியாவாக நடிக்கும் யூன்-ஆ பின்னால் வந்து நின்று, அவருடைய தோள்களுக்கு மேலாகத் தன் இரு கைகளையும் கொண்டுவந்து, அவர் முகத்துக்கு முன்னால் சைகையில் பேசுகிறாள். வாழ்ந்துதான் ஆக வேண்டும், ஒருநாள் ஓய்வு கிடைக்கும் என்று செகாவ் எழுதிய ஆறுதல். அரங்கத்தில் துளிச் சத்தம் இல்லை. கைகள் உரசும் ஒலி மட்டும் கேட்கிறது. பார்வையாளர் வரிசையில் மிசாகி உட்கார்ந்து பார்க்கிறாள்.

மூன்று மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் கண் கலங்காமல் இருப்பது கஷ்டம். நடுவிலே எழுந்து போனவர்கள் இதை யூடியூபில் தனியாகத் துண்டாகப் பார்த்தால், ஒரு பெண் கைகளை அசைப்பது மட்டும்தான் தெரியும். அந்தக் கைகள் சொல்வது புரிய வேண்டுமானால், ஒரு மனிதர் எத்தனை நாள் எதையும் கேட்காமல், சொல்லாமல் இருந்தார் என்று கூடவே இருந்து பார்த்திருக்க வேண்டும்.

நீளமா, நியாயமா என்ற வழக்கில் தீர்ப்பு அவரவர் கையில். ஆனால் படம் முடிந்து விளக்கு போட்ட பிறகு, நீளத்தைத் திட்டிக்கொண்டே வெளியே வந்தவர்களில் ஒருசிலராவது, வீட்டுக்குப் போகிற வழியில் சுற்றாமல் நேராகப் போயிருப்பார்கள். 'வந்ததும் கொஞ்சம் பேசலாமா?' என்று எப்போதோ யாரோ கேட்டது அவர்களுக்கும் ஞாபகம் வந்திருக்கும்.